எண்ணிம ஒளிப்படங்களில் கரும்பட்டைகள்

எண்ணிம ஒளிப்படங்களில் கரும்பட்டைகள் என்பவை விளக்கொளியில் எடுத்த படத்தின் குறுக்கே தோன்றும் இருண்ட வரிகள் ஆகும். கருவி கெட்டுவிட்டதாக எண்ணிப் பலர் அதனைப் பழுதுபார்க்கக் கொடுப்பதுண்டு. பெரும்பாலும் காரணம் விளக்கிலேயே உள்ளது.

இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்சு ஆகும். இதனால், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கண் இதனை உணர்வதில்லை. ஆனால் கைப்பேசிகளிலும் பெரும்பாலான ஒளிப்படக்கருவிகளிலும் உள்ள சிமோஸ் உணரி, படத்தை ஒரே கணத்தில் பதியாமல் வரிவரியாகப் பதிகிறது. ஷட்டர் நேரம் 1/1000 நொடியாயின், ஒளி மங்கிய கணத்தில் பதிந்த வரிகள் இருண்டுவிடும். 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் எல்லா வரிகளும் சம அளவு ஒளி பெறுவதால் பட்டை மறையும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் காட்சியை இரவு விளக்கொளியில் எடுப்போர் 1/100 நொடியைத் தேர்வது நன்று. 1/50 நொடியில் அசையும் சப்பரம் கலங்கித் தெரியக்கூடும். தவறவிட்டால் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும் என்பதால், அதே விளக்கின்கீழ் முன்னரே ஓரிரு படங்கள் எடுத்துப் பார்ப்பது நல்லது. சில எல்.இ.டி. விளக்குகள் வேறு அதிர்வெண்ணில் மினுக்குவதால் அங்கு இக்கணக்கு பொருந்தாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியில் மினுக்கல் குறைப்பு அமைப்பு 60 ஹெர்ட்சில் இருக்கலாம். நிகழ்படத்தில் பட்டைகள் நகர்ந்தால் அதனை 50 ஆக மாற்றிப் பார்க்கவேண்டும். பகல் வெயிலில் எடுத்த படங்களிலும் பட்டை அதே இடத்தில் தோன்றினால் மட்டுமே உணரியையோ ஷட்டரையோ ஐயுறலாம்.