ரக்பி லீக்: விதியும் தண்டமும்

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தை நம்மவர் 'ரக்பி' என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அப்பெயரில் இரண்டு ஆட்டங்கள் உள்ளன. ஒன்று ரக்பி யூனியன். மற்றொன்று ரக்பி லீக். இவ்விரண்டும் ஒரு வயிற்றில் பிறந்து, கூலித் தகராறில் பிரிந்த உடன்பிறப்புகள். இவற்றுள் இளையதாகிய ரக்பி லீக், தன் விதிகளைத் தானே அடிக்கடி கலைத்துக் கட்டிக்கொள்வது. அந்த விதி மாற்றங்கள் எதற்காக எழுந்தன, அவற்றால் தண்டனைகள் எவ்வாறு உருமாறின, அவை பற்றி எழுந்த வாதங்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பிரிவினைக் கதை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த தொழிலாளர்கள், சனிக்கிழமை ஆட்டத்திற்குச் சென்றால் அன்றைய கூலியை இழந்தனர். இழந்த கூலியை ஈடுசெய்யலாமா என்ற கேள்வி எழுந்தபோது, பொழுதுபோக்காக ஆடுவோரே உயர்ந்தவர் எனக் கருதிய தலைமைச் சங்கம் 1893 இல் அதை மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்டு 29 ஆம் நாள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிச் சங்கங்கள் தனியே பிரிந்தன. வேலையை விட்டு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்பது அவர்களது தொடக்க ஏற்பாடு.

இந்தக் கூலி எங்கிருந்து வரும்? மைதான வாயிலில் விற்கும் டிக்கெட்டிலிருந்துதான். ஆகவே காண வருபவர் சலிப்படையாமல் இருக்க வேண்டும் என்பது இவ்வாட்டத்திற்குப் பிறவியிலேயே ஏற்பட்ட கட்டாயம். 1897 இல், பந்து பக்கக்கோட்டைத் தாண்டியதும் இரு வரிசையாக நின்று எம்பிப் பிடிக்கும் முறையை நீக்கினர். 1906 இல் அணிக்குப் பதினைந்து பேர் என்றிருந்ததைப் பதின்மூன்றாகக் குறைத்தனர். அதே ஆண்டில்தான் இன்றைய ஆட்டத்தின் உயிர்நாடியாகிய ஏற்பாடும் வந்தது. பந்துடன் ஓடுபவனை எதிரணியினர் பிடித்து மடக்கியபின், அவனை விட்டு விலக வேண்டும். அவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்கும் தோழன் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வான். சடுகுடுவில் பாடி வருபவனைப் பலர் சேர்ந்து அமுக்குவதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி எளிதில் விளங்கும். ஆனால் சடுகுடுவில் மடங்கியவன் வெளியே போகிறான். இங்கோ அவன் எழுந்து மீண்டும் ஆடுகிறான்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. எத்தனை முறை மடக்கினாலும் பந்து அதே அணியிடமே இருக்கும் என்றால், முன்னணியில் உள்ள அணி என்ன செய்யும்? பந்தை இறுகப் பற்றிக்கொண்டு, ஓர் அடி முன்னேறி விழுவதும் எழுவதும் மீண்டும் விழுவதுமாய்க் காலத்தைக் கடத்தும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலும் இதே நோய் இருந்தது. 1881 இல் பிரின்ஸ்டன், யேல் கல்லூரிகள் ஆடிய ஆட்டத்தில் பாதி நேரம் ஓர் அணியும் மறுபாதி மற்ற அணியும் பந்தை வைத்துக்கொண்டு புள்ளியே இல்லாமல் முடித்தன. அவர்கள் மறு ஆண்டே வால்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால் வாய்ப்புகளுக்கு வரம்பு கட்டிவிட்டனர். ரக்பி லீக் விழித்துக்கொள்ள மேலும் எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின என்பது வியப்பே.

1966 இல் இங்கிலாந்திலும் 1967 இல் ஆஸ்திரேலியாவிலும் நான்கு பிடி விதி வந்தது. நான்கு முறை மடக்கப்பட்டால் அந்த அணி பந்தின் மீது தனக்குள்ள உரிமையை இழக்கும். இரு அணியும் தலைகுனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம் நடக்கும். சிட்னியில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் கோப்பையை வென்றிருந்தது. புதிய விதி வந்த ஆண்டிலேயே அந்தத் தொடர் அறுந்தது. விதி ஒன்றே அதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் அவ்வணியின் அன்பர்கள் பலருக்கு அந்த ஐயம் தீர்ந்தபாடில்லை.

நான்கு என்பது மிகக் குறைவாகப் போயிற்று. ஆட்டம் பரபரப்பானது, ஆனால் அதில் நிதானம் போய்விட்டது. நான்காம் பிடிக்குமுன் ஏதேனும் செய்துவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு உதைத்தனர், ஸ்க்ரம்களும் பெருகின. எனவே 1971 இல் ஆஸ்திரேலியாவிலும் 1972 இல் பிரிட்டனிலும் ஆறு பிடியாக்கினர். 1983 இல் ஆறாவது பிடியுடன் பந்தை எதிரணியிடம் நேராகக் கொடுத்துவிடும் முறையும் வந்தது. கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றும் 'ட்ரை'க்கு மூன்று புள்ளி என்பது நான்காக உயர்ந்ததும் அவ்வாண்டில்தான். இதற்கு நேர்மாறாக, ஓடும்போதே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தும் 'ட்ராப் கோல்' மதிப்பிழந்தது. 1970 சிட்னி இறுதியாட்டத்தில் சவுத் சிட்னி அணியின் எரிக் சிம்ஸ் தனி ஒருவராக நான்கு ட்ராப் கோல் போட்டார். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் அதன் மதிப்பை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டனர். ஒருவன் ஒன்றில் வல்லவனாகிவிட்டால் அதன் விலையைக் குறைப்பது நியாயந்தானா என்று கேட்பவர்களும் உண்டு.

இனித் தண்டனைக்கு வருவோம். 'பெனால்டி' கிடைத்த அணிக்கு மூன்று நன்மைகள் உண்டு. கம்பங்களை நோக்கி உதைத்து இரண்டு புள்ளி பெறலாம். அல்லது பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து முப்பது நாற்பது மீட்டர் முன்னேறி, அங்கிருந்து புதிதாக ஆறு பிடிகளைத் தொடங்கலாம். அல்லது நின்ற இடத்திலேயே பந்தைக் காலால் தட்டிவிட்டு ஓடலாம். இவ்வளவு பெரிய தண்டனைக்கு அஞ்சி எவரும் குற்றம் செய்யமாட்டார் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்தது வேறு.

மடக்கியவர்கள் உடனே விலக வேண்டும் என்பது விதி. விலகாமல் ஒரு நொடி கூடுதலாக மேலே கிடந்தால் என்ன நேரும்? அந்த ஒரு நொடியில் தற்காப்பு அணியின் மற்றவர் வரிசையாக நின்றுகொள்வர். பந்து விரைந்து வந்தால் வரிசை குலைந்திருக்கும். மெல்ல வந்தால் சுவர் எழும்பியிருக்கும். ஆகவே மல்யுத்தப் பயிற்சியாளர்களை அமர்த்தி, விழுந்தவனை எவ்வாறு மெல்ல விடுவிப்பது என்பதையே ஒரு கலையாகப் பயின்றன சில அணிகள். பிடியின்போது தற்காப்பு வரிசை ஐந்து மீட்டர் பின்வாங்க வேண்டும் என்றிருந்ததை 1993 இல் பத்து மீட்டராக்கியதும் இதனோடு சேர்ந்தது. பின்னே ஓடிச்சென்று நிற்க நேரம் தேவை. அந்த நேரத்தைத் திருடவேண்டும்! நடுவர் ஊதினாலும் கேடில்லை. பெனால்டி என்றால் ஆட்டம் நிற்கும். எல்லாரும் மூச்சு வாங்கலாம். தம் கோட்டருகே ட்ரை விழும் நிலையில் நான்கு புள்ளியை இழப்பதைவிட இரண்டு புள்ளி கொடுப்பது இலாபம் என்று கணக்குப் போட்டனர். குற்றவாளிக்கே ஓய்வளிக்கும் தண்டனை என்ன தண்டனை?

இந்தக் கேள்விக்கு 2020 இல் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் ஒரு விடை கண்டது. கொரோனாத் தொற்றால் மார்ச்சில் நின்ற போட்டிகள் மே 28 இல் மீண்டும் தொடங்கியபோது, 'மீண்டும் ஆறு' என்னும் விதியும் உடன் வந்தது. மடக்கியபின் விலகாமல் கிடந்தால் பெனால்டி இல்லை; நடுவர் கையசைப்பார், மணி ஒலிக்கும், பிடிக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், ஆட்டம் நிற்காது. குற்றம் செய்தவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆணையத்தின் தலைவர் பீட்டர் வி'லேண்டிஸ் ஆட்டத்தை விரைவுபடுத்துவதில் பெருவிருப்புடையவர். பிரிட்டனின் சூப்பர் லீகும் அவ்வாண்டு ஆகஸ்டில் போட்டிகளைத் தொடங்கியபோது இதனை ஏற்றது. 2021 இல் பத்து மீட்டர் பின்வாங்காத குற்றத்துக்கும் ஆஸ்திரேலியா இதையே நீட்டித்தது.

ஆட்டம் விரைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் விரைவால் வலிய அணி மேலும் வலிதாயிற்று. ஓர் அணி களைத்துத் தடுமாறத் தொடங்கினால் அதற்கு மீட்சியே இல்லாமல் மணி மேல் மணி ஒலித்தது. 2021 இல் ஒருதலையாக முடிந்த ஆட்டங்கள் பல. போட்டி என்றால் முடிவு தெரியாமல் இருக்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு விரைவின் ஆதரவாளர்கள் தக்க மறுமொழி தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சியாளர்களின் கணக்கு மட்டும் நிற்கவில்லை. எதிரணி தன் கோட்டருகிலிருந்து பந்தை எடுத்து வருகிறது. முதற்பிடியிலேயே அவனை விடாமல் அமுக்கிக்கொள். தண்டனை என்ன? பிடிக் கணக்கு மீண்டும் தொடங்கும். முதற்பிடியில் அப்படித் தொடங்குவதால் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிடி! பழைய பெனால்டியாக இருந்தால் நாற்பது மீட்டர் போயிருக்கும். ஆக, கடுமையாக்குவதாகச் சொல்லிக் கொண்டுவந்த தண்டனை, ஆடுகளத்தின் ஒரு பகுதியில் மிக மலிவாகிப் போயிற்று. 2022 இல் இதனைச் சரிசெய்ய, பந்து வைத்திருக்கும் அணி தனது நாற்பது மீட்டர் பகுதிக்குள் இருக்கையில் இக்குற்றம் நிகழ்ந்தால் முழுப் பெனால்டி என்று மாற்றினர். ஒரே குற்றத்துக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து இருவேறு தண்டனை! சட்டம் பயிலும் நண்பர்கள் இதனை எவ்வாறு கொள்வார்களோ தெரியவில்லை. என் வரையில் இது குறையன்று என்பேன். குற்றத்தால் கிடைக்கும் ஆதாயம் இடத்துக்கு இடம் மாறும்போது தண்டனையும் மாறுவதே முறை.

இதுவரை கூறியவை புள்ளிக் கணக்கு. உயிர்க் கணக்கும் ஒன்று உண்டு. மேற்சொன்ன 1970 இறுதியாட்டத்தின் தொடக்கத்தில் சவுத் சிட்னித் தலைவர் ஜான் சாட்லரின் தாடை ஒரு குத்தில் உடைந்தது. உடைந்த தாடையுடன் இறுதிவரை ஆடி வென்றதை வீரமாகவே நெடுங்காலம் போற்றினர். ஆஸ்திரேலியாவில் 1981 இலும் பிரிட்டனில் 1983 இலும் குற்றம் செய்தவரைத் தற்காலிகமாக வெளியே அமர்த்தும் 'சின் பின்' வந்தது. கையால் பற்றாமல் தோளால் இடித்து வீழ்த்துவதை ஆஸ்திரேலியா 2013 முதல் தடை செய்தது. மறு ஆண்டு மார்ச்சில், மூவர் சேர்ந்து மடக்கியதில் நியூகாசில் அணியின் அலெக்ஸ் மெக்கின்னன் தலைகீழாக விழுந்தார், கழுத்தெலும்பு முறிந்தது. அவர் பின்னர் ஆடவே இல்லை. மடக்கியவருள் ஒருவருக்கு ஏழு வாரத் தடை. அந்தத் தடை குறைவு என்றவர்களும் மிகுதி என்றவர்களும் மாறி மாறி வாதாடினர். செயலுக்குத் தண்டனையா, விளைவுக்குத் தண்டனையா என்னும் பழைய வழக்கு அது. அதே முறையில் மடக்கப்பட்டு வேறொருவர் தூசு தட்டி எழுந்திருந்தால் ஏழு வாரம் கிடைத்திருக்குமா?

2021 மே மாதத்தில் இவ்வழக்கு முற்றியது. தலையில் படும் அடியால் மூளைக்கு நேரும் தீங்கு குறித்த அறிவு வளர்ந்துவிட்டதால், தலையையோ கழுத்தையோ தொடும் பிடிக்கு இனி இரக்கமில்லை என்று போட்டித் தொடரின் நடுவிலேயே ஆணையம் அறிவித்தது. சில நாட்களில் பிரிஸ்பேன் நகரில் எல்லா அணிகளும் ஒரே அரங்கில் கூடிய வாரம் வந்தது. அவ்வாரத்தில் மூவர் முற்றாக வெளியேற்றப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் சின் பின்னுக்குச் சென்றனர். எழுதிய விதி பழையதுதான்; எழுத்துப்படி நடந்ததுதான் புதிது. ஆட்டமே அழிந்தது என்று முன்னாள் வீரர் சிலர் கூக்குரலிட்டனர். என் கருத்தில் நோக்கம் சரி, நேரம் தவறு. பல்லாண்டுகள் பழகிய உடல் ஒரு வாரத்தில் தன் பழக்கத்தை விடாது. தேர்வுத் தாளின் முறையைத் தேர்வுக்கு முந்தைய நாள் மாற்றினால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் அடுத்த ஆண்டு வரை பொறுப்பதென்றால் இடைப்பட்ட மாதங்களில் எத்தனை தலைகள் அடிபடும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதையும் தள்ளிவிட இயலவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். 'மீண்டும் ஆறு' வந்த அதே 2020 மே மாதத்தில், 2009 முதல் ஆஸ்திரேலியத் தொடரில் ஆட்டத்துக்கு இருவராக இருந்த நடுவர்களை ஒருவராகக் குறைத்தனர். செலவு மிச்சம் என்பதும் இரு நடுவரால் பெனால்டி பெருகுகிறது என்பதும் அதற்குச் சொன்ன காரணங்கள். எங்களைக் கேளாமல் எங்கள் வேலையை மாற்றுவதா என்று நடுவர் சங்கம் தொழில் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்திடம் சென்றது. கூலிக்காகப் பிறந்த ஆட்டத்தில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வழக்கு! இம்முறை இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தன. மே 28 இரவு, ஆளில்லாத பிரிஸ்பேன் அரங்கில், ஒரே ஒரு நடுவர் ஊதலுடன் களத்தில் இறங்கினார்.