ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு முன் 6 கிலோமீட்டர்... ஓசூர் மராத்தான் ஓட்டக்காரர்களின் வீட்டுக் கணக்கு!

அதிகாலை 4 மணி. ஓசூர் மூக்கண்டப்பள்ளி பக்கம் டீக்கடை பாய்லர் அப்போதுதான் சூடேற ஆரம்பித்திருக்கும். கம்பெனி பஸ் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் 6 கிலோமீட்டர் ஓடி, குளித்து, யூனிஃபார்ம் மாட்டி, ஐ.டி. கார்டைத் தேடி எடுத்து, ஸ்டாப்பில் போய் நிற்க வேண்டும். பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு!

ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர் ஒருவர் மராத்தானுக்குத் தயாராவது ஓசூரில் இப்படித்தான். பந்தய தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கான பயிற்சி நான்கு மாதம் நீளும். வாரத்துக்கு நான்கு, ஐந்து நாள் ஓட வேண்டும். அதில் ஒரு நாள் மட்டும் நெடுந்தூர ஓட்டம். 15 கிலோமீட்டரில் தொடங்கி 30 வரை போகும். பாதி மராத்தான் என்றால் இதில் ஏறக்குறைய பாதி.

இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகளைப் பாருங்கள். செவ்வாய் வேகம், வியாழன் நடுத்தரம், ஞாயிறு நெடுந்தூரம் என்று கட்டம் கட்டி இருக்கும். காலை 9 மணிக்கு ஆபீஸ் போய் மாலை 6 மணிக்குத் திரும்புகிறவருக்காக எழுதியவை அவை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவருக்கு எல்லா செவ்வாயும் ஒரே செவ்வாய் இல்லை. ஒரு செவ்வாய் காலை அவர் அப்போதுதான் எழுந்திருப்பார். இன்னொரு செவ்வாய் காலை அவர் அப்போதுதான் படுக்கப் போவார்.

செருப்பு ஃபேக்டரி தொழிலாளி

தொழிற்சாலை வேலைக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் ஆகாது என்று நினைப்பவர்கள் ஆர்தர் லிடியார்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1917-ல் பிறந்த நியூசிலாந்துக்காரர். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை. குடும்பச் செலவுக்குப் பற்றாமல் இரவில் பால் ஊற்றும் வேலையும் பார்த்தார். நண்பரோடு ஒருநாள் சில மைல் ஓடிப்போய் மூச்சு வாங்கி நின்ற பிறகுதான், தன் உடம்பின் நிலைமை அவருக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டார். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று வருடக்கணக்கில் மாற்றி மாற்றி ஓடிப் பார்த்து அவர் கண்டுபிடித்தது எளிமையான ஒன்று. பெரும்பாலான நாள்களில் மெதுவாக, நிறைய தூரம் ஓட வேண்டும். பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம் போதும். வேகப் பயிற்சி கடைசிச் சில வாரங்களுக்குத்தான். அவருடைய அக்கம்பக்கத்துப் பையன்கள் அந்த முறையில் ஓடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். மராத்தானில் பாரி மேகிக்கு வெண்கலம்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். நேரம் குறைவு என்பதால் ஓடுகிற 40 நிமிடத்தையும் பறந்து தீர்க்கிறார்கள். எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் நின்ற கால் அது. கெண்டைக்காலும் குதிகாலும் ஏற்கெனவே இறுகிப் போயிருக்கும். அதில் தினமும் வேகம் கூட்டினால் மூன்றாவது வாரம் குதிகால் வலி வந்து உட்கார்ந்துவிடும். மெதுவாக ஓடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இன்னோர் ஆள் ஜப்பானின் யுகி கவாவுச்சி. சைத்தாமா மாகாணத்தில் மாலை நேர வகுப்புகள் நடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் அலுவலக ஊழியர். மதியம் போய் இரவு 9 மணி வாக்கில் முடிகிற வேலை. ஓசூர் பாஷையில் சொன்னால் செகண்ட் ஷிஃப்ட்! தொழில்முறை வீரர்கள் தினமும் இரண்டு வேளை ஓடும்போது, இவர் காலையில் ஒரு வேளை மட்டும். அதிலும் பெரும்பகுதி நிதானமான ஓட்டம். கூட ஓட அணி கிடையாது என்பதால் வார இறுதிப் பந்தயங்களையே பயிற்சியாக்கிக்கொண்டார். 2018 ஏப்ரல் 16 அன்று, கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் பெரிய பெரிய வீரர்கள் பாதியில் விலகிய பாஸ்டன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் ஓடி ஜெயித்தார். பிறகு ஊர் திரும்பிப் பள்ளி வேலைக்குப் போனார். முழுநேர ஓட்டக்காரர் ஆனது அதற்கு அடுத்த வருடம்தான்.

நைட் ஷிஃப்ட் வாரம்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஓட முடியாவிட்டாலும் மதியம் 2 மணிக்கு மேல் நேரம் உண்டு. மாலை 5 மணிக்குக் கிளம்பலாம். செகண்ட் ஷிஃப்ட் வாரம்தான் சொர்க்கம். காலை 7 மணிக்கு நன்றாகத் தூங்கி எழுந்து, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஓடலாம். நெடுந்தூர ஓட்டத்தை இந்த வாரத்தில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சிக்கல், இரவு 10 முதல் காலை 6 வரையிலான வாரம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி இயங்குகிறது என்று மரபணு மட்டத்தில் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது முக்கியமாக வெளிச்சம். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால், ‘விடிந்துவிட்டது’ என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். அப்புறம் படுத்தால் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும்.

“ஓடிட்டு வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாம்” என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் நாள் அப்படித்தான் இருக்கும். நான்காவது நாள் மெஷின் முன்னால் கண் சொக்கும்போதுதான் அதன் விலை தெரியும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவருக்குத் தூக்கக் கடன் என்பது பதக்கத்தோடு முடிகிற விஷயம் இல்லை, விரலோடு முடிகிற விஷயம்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வீட்டில் ஜன்னலுக்குக் கெட்டித் துணி, காலை 8 முதல் மதியம் 2 வரை தூக்கம். மாலையில் மெதுவாக 30, 40 நிமிடம். அந்த வாரத்துக்கு அது போதும். ஓட்டமா, தூக்கமா என்று கேள்வி வந்தால் தூக்கத்துக்கே ஓட்டு.

யானையும் லாரியும்

ஓட்டக்காரருக்கு ஓசூர் ஒரு வரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னைக்காரர் வியர்த்துக் கொட்டும் மாதங்களில்கூட இங்கே காலைக் காற்று சில்லென்று இருக்கும். மேடு ஏறிப் பழகச் சந்திரசூடேஸ்வரர் மலை. சமதளம் வேண்டுமென்றால் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கே.ஆர்.பி. அணை.

ஆனால், பெங்களூரு - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடுவதைத் தவிர்ப்பதே நல்லது. இருட்டில் வரும் கன்டெய்னர் லாரி டிரைவரும் இரவெல்லாம் விழித்தவர்தான். ஒளி பிரதிபலிக்கும் சட்டை, நெற்றியில் சின்ன விளக்கு, வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடுவது... உள்ளூர்ச் சாலையிலும் இந்த மூன்றும் கட்டாயம்.

இன்னொரு விஷயம் வேறு ஊர்ப் பயிற்சிப் புத்தகங்களில் இருக்காது. ராகி கதிர் முற்றும் பருவத்தில், அக்டோபர், நவம்பர் வாக்கில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வரும். சானமாவு காட்டை ஒட்டிய ராயக்கோட்டைச் சாலை வரை அவற்றின் நடமாட்டம் இருக்கும். வனத்துறை எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் ஊருக்குள் மட்டுமே ஓட்டம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விடியும் முன் காட்டோரம் போவது தைரியம் இல்லை.

களி போதுமே!

விலை உயர்ந்த ஜெல், புரோட்டீன் பவுடர் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால், இந்த மாவட்டத்து அடுப்பிலேயே நெடுந்தூர ஓட்டக்காரருக்கு வேண்டிய சாப்பாடு கொதிக்கிறது. ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும். மார்கழியில் அவரைக்கொட்டைக் குழம்பு. மாவுச்சத்தும் புரதமும் ஒரே தட்டில். 100 கிராம் ராகியில் கால்சியம் மட்டும் 340 மில்லிகிராமுக்கு மேல். ஓடப் போகும் முன் களி வேண்டாம், வயிற்றில் கல் மாதிரி நிற்கும். அதற்கு ஒரு வாழைப்பழம். வந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர்.

அந்த மூன்று மணி நேரம் யாருடையது?

நெடுந்தூர ஓட்டம் மூன்று மணி நேரம். திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை பாதி முடிந்தது. “வாரத்துல ஒரு நாள்தான் லீவு... அன்னிக்கும் ரோட்லதானா?” என்ற கேள்வி வீட்டில் எழாமல் இருந்தால்தான் ஆச்சர்யம்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். இந்த இடைவெளி 200 நிமிடத்துக்கு மேல். அதாவது, ஒரு நெடுந்தூர ஓட்டத்தின் நேரம்! அவர் ஓடுகிற மூன்று மணி நேரத்தில் இட்லி ஊற்றி, துணி ஊறவைத்து, பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பதில்தான் அவருடைய பயிற்சி நிற்கிறது. அதை எந்த ஆப்பும் பதிவு செய்வதில்லை.

மனைவிக்கும் வேலை, அதுவும் ஷிஃப்ட் வேலை என்றால்? இந்தப் பகுதியில் எலெக்ட்ரானிக்ஸ், மின்சார ஸ்கூட்டர் ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் ஓட ஆசை உண்டு. கால் இருக்கிறது, ரோடு இருக்கிறது. அந்த 45 நிமிடம்தான் இல்லை. பாஸ்டன் மராத்தான் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டதே 1972-ல்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் வந்தது 1984-ல். பந்தயக் கதவு திறந்துவிட்டது, வீட்டுக் கதவுதான் அதிகாலையில் திறக்க வேண்டும்.

ஓட ஆரம்பிக்கும் பெண்கள் முதலில் செய்ய வேண்டியது ஹீமோகுளோபின் பரிசோதனை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ‘எனக்கு ஸ்டாமினாவே இல்ல’ என்று ஒருவர் பாதியில் நிறுத்துவதற்குச் சோம்பேறித்தனம் காரணமாக இருக்காது, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சாப்பாட்டோடு டீ குடிப்பதைத் தவிர்த்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே உணவிலுள்ள இரும்பு கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஆணோ பெண்ணோ, 40 வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டே ஷூ வாங்கலாம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒத்துப்போகிற வீடுகளில் வழி எளிமையாகத்தான் இருக்கும். சமையலறைக் காலண்டரில் இரண்டு பேரின் ஷிஃப்ட்டையும் மாதத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அவருக்கு நெடுந்தூர ஓட்டம் இருக்கிற ஞாயிறு ஒரு கலர். அடுத்த ஞாயிறு வேறு கலர். அன்றைக்குக் காலை இட்லி ஊற்றுவது அவர். ஷூ மாட்டுவது அவர் மனைவி. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவில் பந்தயம் என்றால், அதற்கு முந்தின வாரம் நைட் ஷிஃப்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வந்தால், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேட ஒரு மாத அவகாசமாவது இருக்கும்.