மெதடிஸ்ட் சகோதரர்களை அறிவோம்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து நான் ஆலய வாசலில் நின்றிருந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கும் ஒரு தாய் சற்றுத் தயங்கியபடி அருகில் வந்தார். அவருடைய கணவர் பட்டுத் தறி நெய்பவர். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் நல்ல குணமுள்ளவன், வேலையில் இருக்கிறான், ஆனால் சென்னையில் உள்ள ஒரு மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவன். "சாமி, அவங்களும் நம்மள மாதிரி கிறிஸ்தவங்கதானா? சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாரு, இன்னொருத்தர் அது பிரிவினை சபை, பொண்ணு கொடுக்காதீங்கன்னு சொல்றாரு" என்றார்.

இரண்டு பதில்களுமே சரியல்ல. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது சோம்பேறித்தனம். பிரிவினை சபை என்று ஒதுக்குவது அன்பில்லாத செயல். அந்தத் தாய்க்கு நான் சொன்னதைச் சற்று விரிவாக உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரை அறிந்துகொள்வது பிறரன்பின் முதல் படி அல்லவா?

தொடக்கம்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் ஜான் வெஸ்லி (1703–1791). இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் குருவின் மகனாகப் பிறந்தார். அவருடைய தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயினர். எஞ்சிய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கி, தனியாக அமர்த்தி, அவர்களுடைய ஆன்மாவைப் பற்றிப் பேசுவது அந்தத் தாயின் வழக்கம். பிற்காலத்தில் வெஸ்லி உருவாக்கிய எல்லாவற்றுக்கும் விதை அந்த வீட்டிலேயே விழுந்துவிட்டது எனலாம்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜானும் அவருடைய தம்பி சார்லஸும் சில நண்பர்களோடு சேர்ந்து ஒழுங்காகச் செபித்தார்கள், விவிலியம் வாசித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், அடிக்கடி நற்கருணை பெற்றார்கள், சிறைக் கைதிகளைச் சந்தித்தார்கள். எல்லாவற்றையும் நேரம் குறித்து, முறை வைத்துச் செய்ததால் மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் 'மெதடிஸ்ட்', அதாவது முறைக்காரர்கள். கேலிப் பெயரே பின்னாளில் ஒரு திருச்சபையின் பெயராயிற்று.

ஆனால் முறை மட்டும் அவருக்கு அமைதி தரவில்லை. 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு செபக்கூட்டத்தில், கிறிஸ்து தமக்காகவே மரித்தார், தம் பாவங்களை நீக்கிவிட்டார் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் பிறந்தது. அடுத்த ஆண்டு முதல் அவர் திறந்தவெளியில் போதிக்கத் தொடங்கினார். கோவிலுக்கு வர வழியில்லாத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே தேடிச் சென்றார். குதிரையேறி நாடெங்கும் பயணம் செய்தார். அவர் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். தனிச் சபை ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை.

அவர்கள் நம்புவது என்ன?

மூவொரு கடவுள், இயேசு கிறிஸ்துவின் மனித அவதாரம், சிலுவை மரணம், உயிர்ப்பு, தூய ஆவியாரின் செயல், விவிலியத்தின் அதிகாரம் ஆகிய அனைத்திலும் அவர்களுடைய விசுவாசம் நம்முடையதே. நாம் அறிக்கையிடும் திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையையே அவர்களும் அறிக்கையிடுகிறார்கள். குழந்தைகளுக்கும் திருமுழுக்கு கொடுக்கிறார்கள்.

இவற்றோடு அவர்கள் தனியாக வலியுறுத்தும் சில உண்மைகள் உண்டு. முதலாவது, கடவுளின் அருள் நாம் தேடுவதற்கு முன்பே நம்மைத் தேடி வருகிறது. இரண்டாவது, அந்த அருள் சிலருக்கு மட்டும் என்று முன்குறிக்கப்பட்டதல்ல; அது எல்லாருக்கும் உரியது, அதை ஏற்கவும் மறுக்கவும் மனிதருக்குச் சுதந்திரம் உண்டு. மூன்றாவது, தான் மன்னிக்கப்பட்டிருப்பதை விசுவாசி உள்ளத்தில் உணர முடியும். நான்காவது, மன்னிப்போடு காரியம் முடிந்துவிடுவதில்லை. கடவுளையும் அயலாரையும் முழு இதயத்தோடு அன்பு செய்யும் தூய நிலைக்கு ஒவ்வொரு கிறிஸ்தவரும் வளர வேண்டும், வளரவும் முடியும்.

இந்த நான்காவது உண்மை நமக்குப் புதிதல்ல. தூயவராகும் அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமல்ல, எல்லாருக்கும் உரியது என்று 2ஆம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் கற்பித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் தூய வாழ்வு குறித்து எழுதிய திருத்தூது ஊக்கவுரையும் இதையே எடுத்துரைத்தது.

அவர்கள் வாழும் முறை

வெஸ்லி தம் மக்களுக்கு 1743இல் மூன்று எளிய விதிகளைக் கொடுத்தார். தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மையெல்லாம் செய்தல், செபம், இறைவார்த்தை, நற்கருணை, உபவாசம் போன்ற அருள் வழிகளைக் கைக்கொள்ளுதல். பாடல் அவர்களுடைய மற்றொரு பெரும் சொத்து. தம்பி சார்லஸ் வெஸ்லி 6000க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். படிப்பறிவில்லாத ஏழைகள் மறைக்கல்வியைப் பாட்டாகவே கற்றார்கள்.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது அவர்களுடைய சிறு குழுக்களின் கதை. பிரிஸ்டல் நகரில் கட்டிய சபைக் கட்டிடத்துக்கு 1742இல் கடன் இருந்தது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது என்று முடிவாயிற்று. கொடுக்க முடியாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, ஒருவர் எழுந்து, பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை என்னிடம் விடுங்கள், நானே வீடு வீடாகப் போய் வாங்குகிறேன், இல்லாதவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றாராம். அப்படியே பல குழுக்கள் அமைந்தன. காசு வாங்கப் போன தலைவர்கள், போன வீடுகளில் குடியையும் சண்டையையும் நோயையும் பசியையும் கண்டார்கள். கடன் வசூலிக்கத் தொடங்கிய ஏற்பாடு, மனிதர்களைக் காக்கும் ஏற்பாடாக மாறியது. வாரந்தோறும் கூடி, உன் ஆன்மா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அவர்களுடைய வழக்கமாயிற்று. சாதாரணத் தொழிலாளர்களும் பெண்களும் அக்குழுக்களுக்குத் தலைவர்களாயினர்.

இந்தப் பரிசுத்தம் சமூகத்தையும் தொட்டது. வெஸ்லி 1774இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1791இல் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்போர்ஸ் என்பவருக்கு ஊக்கமளித்துக் கடிதம் எழுதினார்.

தமிழ் மண்ணில்

மெதடிஸ்ட் மறைபரப்பாளர்கள் 1814இல் இலங்கையில் வந்து இறங்கினார்கள். அவர்களை அழைத்து வந்த தாமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் நடத்திய மெதடிஸ்ட் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் யார் தெரியுமா? சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணம் தந்த மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ் (1908–1970), உலகத் திருச்சபைகள் மன்றம் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க வழிபாட்டில் மறையுரை ஆற்றினார்.

சென்னை ராயப்பேட்டை, மன்னார்குடி, கரூர் முதலிய இடங்களில் வெஸ்லி மரபினர் ஆலயங்களும் பள்ளிகளும் அமைத்தனர். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன் சபையும் இந்த வெஸ்லி மெதடிஸ்ட் சபையும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. நம் காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளியைத் தந்தவர்கள் ஸ்காட்லாந்து மரபினர். அவர்களுடைய வாரிசுகளும் இன்று அதே சி.எஸ்.ஐ. சபையில்தான் இருக்கிறார்கள். அமெரிக்க மெதடிஸ்ட் மறைபரப்பில் பிறந்த சபைகளோ இந்த இணைப்பில் சேரவில்லை. அவை 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்னும் பெயரில் தன்னாட்சியோடு இயங்குகின்றன. அந்தப் பையன் சேர்ந்திருப்பது இந்தச் சபைதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகள் உள்ளன.

நாம் வேறுபடும் இடங்கள்

உண்மையை மறைத்து உறவு கொண்டாட முடியாது. நாம் ஏழு அருள்சாதனங்களை ஏற்கிறோம். அவர்கள் திருமுழுக்கு, திருவிருந்து ஆகிய இரண்டை மட்டும் ஏற்கிறார்கள். திருவிருந்தில் கிறிஸ்து தம் மக்களைச் சந்திக்கிறார் என்று அவர்கள் நம்புகிறார்கள். அப்பமும் இரசமும் அவருடைய உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்னும் நம் படிப்பினையை ஏற்பதில்லை. திருத்தந்தையின் பணி, அன்னை மரியாவிடமும் புனிதரிடமும் பரிந்துரை வேண்டுதல், இறந்தோருக்கான திருப்பலி ஆகியவை அவர்களிடம் இல்லை. பெண்களுக்கும் குருத்துவ அருள்பொழிவு அளிக்கிறார்கள்.

வெஸ்லியும் நம்மைப் பற்றி எப்போதும் ஒரே விதமாகப் பேசியவர் அல்லர். 1749இல் டப்ளினிலிருந்து ஒரு கத்தோலிக்கருக்கு எழுதுவதாக அமைந்த கடிதத்தில், நாம் எல்லாவற்றிலும் ஒரே கருத்து கொள்ள முடியாவிட்டாலும் ஒருவரையொருவர் அன்பு செய்யலாமே என்ற கருத்தை முன்வைத்தார். அதே வெஸ்லி 1780இல் கத்தோலிக்கருக்குச் சலுகை தரக்கூடாது என்றும் எழுதினார். நம்மவர்களும் அவர்களைப் பதிலுக்குக் கடுமையாகவே பேசினோம். இரு பக்கத்துக் கைகளிலும் கறை உண்டு.

அதன் பிறகு ஆண்டவர் நம்மை நெடுந்தூரம் நடத்தி வந்திருக்கிறார். 1967 முதல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக மெதடிஸ்ட் மன்றமும் தொடர்ந்து உரையாடி வருகின்றன. பாவி எப்படிக் கடவுள்முன் நேர்மையாளராக்கப்படுகிறார் என்ற கேள்வியில்தான் 16ஆம் நூற்றாண்டில் திருச்சபை பிளவுபட்டது. அக்கேள்வியின் அடிப்படை உண்மைகளில் தாங்கள் ஒன்றுபடுவதாகக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999 அக்டோபர் 31இல் கூட்டறிக்கை வெளியிட்டனர். 2006 ஜூலை 23இல் சியோல் நகரில் மெதடிஸ்ட் மன்றமும் அதில் இணைந்தது.

அந்தத் தாய்க்குச் சொன்னது

"அம்மா, பையனுடைய திருமுழுக்கு செல்லும். தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலும் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு மறுபடி திருமுழுக்கு கொடுக்கும் பேச்சே இல்லை. திருமுழுக்கு பெற்ற இருவர் செய்யும் திருமணம் அருள்சாதனம்" என்றேன். ஆனால் அதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் மகள் வாக்குறுதி தர வேண்டும். அந்த வாக்குறுதி பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைக் கல்யாண மண்டபம் பேசிய பிறகு அல்ல, இப்போதே இரு குடும்பமும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து நன்மை வாங்கலாமா, சாமி?" என்று கேட்டார். பொதுவாக இயலாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் வாடியது. அந்த வாட்டம் நியாயமானது. தம் சீடர் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் மன்றாடிய செபம் (யோவா 17:21) இன்னும் நிறைவேறவில்லை என்பதை இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் ஞாயிறுதோறும் உடலில் காயமாகச் சுமக்கின்றன. ஜனவரி 18 முதல் 25 வரை நாம் செபிக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் ஒரு சடங்கல்ல. அது இவர்களுக்கான செபம்.

விடைபெறும்போது அவருடைய தொழிலிலிருந்தே ஒன்றைச் சொன்னேன். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, இழைக்கு இழை கோர்த்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். நிறங்கள் கலப்பதில்லை, ஆனால் கரை பிரிவதும் இல்லை. அவசரப்பட்டால் கோர்வை விழாது. கிறிஸ்தவ ஒன்றிப்பும் அப்படித்தான். "அது தெரியும் சாமி, ஒரு ஆளால முடியாது" என்று சிரித்தார்.

நமக்கு ஒரு கேள்வி

அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. கூடுகிறோம், செபமாலை சொல்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம், சந்தா வாங்குகிறோம். மெதடிஸ்ட் முன்னோர் காசு வாங்கப் போய் மனிதர்களைக் கண்டார்கள். நாம் மனிதர்களைக் காணக் கூடி, காசோடு திரும்பி வந்துவிடுகிறோமா? தறி ஓடாமல் நிற்கும் வீடு எது, கந்துவட்டியில் சிக்கியிருக்கும் குடும்பம் எது, பல மாதங்களாகத் திருப்பலிக்கு வராதவர் யார் என்பது நம் அன்பியத்துக்குத் தெரியுமா? ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும்போதுதான் கிறிஸ்துவின் சட்டத்தை நிறைவேற்றுகிறோம் என்கிறார் பவுல் (கலா 6:2).

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரேயொரு மாற்றம் செய்து பாருங்கள். சந்தா நோட்டைத் திறப்பதற்கு முன், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, இந்த வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
பங்குத்தந்தை