இருமினால் கதவடைப்பதா?



விடியுமுன் போடிநாயக்கனூர் வீதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சேவல் கூவுவதற்கு முன்னே ஜீப் உறுமும். தூக்குச்சட்டியும் கையுமாக ஆணும் பெண்ணும் ஏறுவார்கள். ஏறுவார்கள் என்பதைவிட, அடைக்கப்படுவார்கள் என்பதே பொருத்தம். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, போடிமெட்டு ஏறி, அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரிந்து போவார்கள். காய் எடுக்க, களை எடுக்க, மருந்தடிக்க!

அவர்கள் எடுத்த காயும் மலையை விட்டு இறங்குகிறது. போடியில் தரம் பிரிக்கப்படுகிறது. ஏலத்தில் விலை பேசப்படுகிறது. வடநாட்டுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பயணப்படுகிறது. இறங்கிய காய்க்கு இடம் இருக்கிறது. ஈரம் படாத அறை இருக்கிறது. காற்றுப் புகாத பை இருக்கிறது. பச்சை வெளுத்துவிடக் கூடாதே என்று எத்தனை பரிவு, எத்தனை பாதுகாப்பு!

காய்க்கு இடம் இருக்கிறது; காயைப் பறித்த கைக்கு இருக்கிறதா? இதுதான் இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

மலைக்குப் போகிறவர் எல்லாரும் மாலையில் திரும்புகிறவர் அல்லர். தோட்டத்து லயத்திலேயே தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்து, ஒரு நாள் ஒரேயடியாக இறங்குகிறவர்களும் உண்டு. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், ஒரு பாத்திர மூட்டை, சட்டைப் பையில் கசங்கிய மருந்துச் சீட்டு. மேலே குளிர், கீழே வெக்கை. மேலே தெரிந்த முகங்கள். கீழே தெரியாத தெருக்கள். உடம்பில் ஒரு நோய், கையில் கொஞ்சம் பணம், மனத்தில் ஒரே கவலை: இன்றிரவு எங்கே படுப்பது?

ஏன் இறங்கினார்? லயம் என்பது அவருக்குச் சொந்தமான வீடு அல்ல. வேலையின் வாலில் கட்டப்பட்ட வீடு. வேலை இருக்கும் வரை கூரை உண்டு. வேலை போனால்? கூரையும் போயிற்று! 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்றது. 1981இல் திருத்தினார்கள். 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளருக்குக் குறையாத எண்ணிக்கையும் உள்ள தோட்டங்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் ஒன்று, வேறு 12 சட்டங்களோடு இதையும் சேர்த்துக் கரைத்தது. வீட்டு வசதி என்ற பேச்சு அதிலும் உண்டு. ஆனால் ஏல மலையில் சிறு தோட்டங்கள் எத்தனை எத்தனை! எல்லைக்கு உட்பட்டவனுக்கு, வேலை இருக்கும் வரை கூரை. எல்லைக்கு வெளியே உள்ளவனுக்கு, விடியற்காலை ஜீப். உழைத்து ஓய்ந்தவனுக்கு? சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெற்றுத்தாள்!

போகட்டும். இறங்கியவர் வீடு தேடுகிறார். 'வீடு வாடகைக்கு' என்ற பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறார்.

"வாடகைக்கா, ஒத்திக்காண்ணே?" என்று தொடங்குகிறது பேச்சு. "எத்தனை பேரு? பிள்ளைக இருக்கா? தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், பரவாயில்லையா?" எல்லாம் நியாயமான கேள்விகள். அடுத்து வருகிறது, குரலைத் தாழ்த்தி, கண்ணைத் தாழ்த்தாமல், அந்தக் கேள்வி.

"நீங்க என்ன ஆளுக?"

மனித ஆளு என்று சொன்னால் ஒப்புவார்களா? ஊர்ப் பெயரைக் கேட்டு, தெருப் பெயரைக் கேட்டு, குலசாமியைக் கேட்டு, கடைசியில் சாதியைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். பதில் பிடிக்காவிட்டால், "நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்று ஒரு பொய். பலகை மட்டும் மறுநாளும் அங்கேயே தொங்கும்! அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, 1950 முதல் நடப்பில் இருக்கிறது. வாசற்படியில் நிற்கிறவனுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

முதற் கேள்வியைத் தாண்டிவிட்டார் என்றே வையுங்கள். அப்போது வருகிறது இருமல். அடக்கிப் பார்க்கிறார், அடங்கவில்லை. வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. "என்னண்ணே, இப்படி இருமுறீக? எதுவும் சீக்கா? சின்னப் பிள்ளைக இருக்கிற வீடு…" கதவு மூடுகிறது.

அடுத்த வீட்டுக்கு அவர் எப்படிப் போவார்? நோயை மறைத்துக்கொண்டு போவார்! மருந்துச் சீட்டைப் பெட்டியின் அடியில் ஒளிப்பார். வீடு கிடைத்த பிறகும் ஒளிவு தொடரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள், போகமாட்டார். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும், முகவரி தரமாட்டார். மாத்திரை ஒரு நாள் தவறும், ஒரு வாரம் தவறும், பிறகு நின்றே போகும். ஆறே மாதத்தில் தீர வேண்டிய நோய் தீராது. பாதியில் விட்ட மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளரும். வீட்டிலுள்ளோருக்கும் பரவும்.

பார்த்தீர்களா விபரீதத்தை? நோய்க்குப் பயந்து கதவை அடைத்தார்கள். அடைத்த கதவே நோயை வளர்த்தது!

அந்த வீட்டுக்கார அம்மாளை வில்லியாக்கி நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போவது எளிது. அது நியாயமாகாது. அவரும் பல வேளைகளில் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். ஏலக்காய் பொறுக்கிச் சேர்த்த காசில் கட்டிய வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்தான். பேரப்பிள்ளையைப் பற்றிய அவர் பயம் உண்மையான பயம். பயத்தை ஏசினால் போகாது. அறிவைக் காட்டினால் போகும்.

இந்த மலைக்கே அந்த அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் மலைக்காய்ச்சல் என்றாலே நடுங்கினார்கள். காற்றுக் கெட்டது என்றார்கள், தண்ணீர் கெட்டது என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலி மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்! 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, குற்றவாளி காற்றல்ல, கொசு என்று காட்டுவதற்கு வழி திறந்தார். 1953இல் இந்திய அரசு மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1958இல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. வீடு வீடாக மருந்து தெளித்தார்கள். காரணம் தெரிந்தது, கலக்கம் குறைந்தது.

காசநோய்க்கும் அப்படி ஓர் ஆராய்ச்சி நடந்தது. இலண்டனில் அல்ல, ஜெனீவாவில் அல்ல, நம் சென்னையில்! 1956இல் அங்கே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் காசம் என்றால் சானடோரியம். நல்ல உணவு, நல்ல ஓய்வு, நல்ல காற்று என்று மாதக்கணக்கில் படுக்கை. ஏழைக்கு ஏது படுக்கை? நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் மருந்து. மறு பிரிவினருக்கு அவரவர் நெருக்கடி வீட்டிலேயே அதே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்! வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவரின் குடும்பத்தாருக்கு, அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகமே திரும்பிப் பார்த்தது. காசத்துக்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இதன் பொருள் என்ன? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற நோயாளியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, மறைக்கப்பட்ட நோயைக் கண்டு. நிறுத்தப்பட்ட மருந்தைக் கண்டு. இதைத்தான் அந்த அம்மாளிடம் நாம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருமுகிறவரெல்லாம் காசநோயாளர் அல்லர். அடுப்புப் புகையில் இருமுகிறவர் உண்டு. பீடியில் இருமுகிறவர் உண்டு. தோட்டத்தில் முகமூடியில்லாமல் மருந்தடித்துவிட்டு மூச்சுத் திணறுகிறவரும் உண்டு. பூச்சிக்கு அடிக்கும் நஞ்சுக்கும் மருந்து என்றே பெயர். நோய்க்குக் கொடுப்பதற்கும் மருந்து என்றே பெயர். ஒரு மருந்தை அடித்து நோயை வாங்கி, மறு மருந்தைத் தேடி அலைகிறான் பாட்டாளி! எது எந்த இருமல் என்று வாசற்படியில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை; மருந்துக்கும் காசில்லை. காசநோயாளருக்குச் சத்துணவுக்காக 2018இல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024 நவம்பரில் அதை 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். பிச்சையல்ல இது, உரிமை!

இனி, வீடு தேடும் தோழருக்கு நாம் சொல்லக்கூடிய யோசனைகள் சில.

மலையை விட்டு இறங்குமுன், மருந்து வாங்கும் இடத்தில் "ஊர் மாறுகிறேன்" என்று சொல்லுங்கள். கேரளத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தாலும் காசநோய்ப் பதிவை மாற்றிக்கொள்ள வழியுண்டு. வந்த ஊரில் மருந்தைத் தேடுவதற்குள் கையிலிருப்பது தீர்ந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீடு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. முதல் நாளே ஆஸ்பத்திரிச் சீட்டுக் கிடைக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கும்போது வண்ணத்தைப் பார்க்காதீர்கள், சன்னலைப் பாருங்கள். எதிரெதிரே இரு வழியில் காற்று நுழைய வேண்டும். சன்னலில்லாத அறையில் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்குகிறார். நோய் இருப்பதே தெரியாத நாளில் அது பரவுவது அங்கேதான். அடுத்து, தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடாது. மூடாத நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். தண்ணீர் பிடித்து வைத்துப் புழங்கும் தெருவில், டிரம்முக்கு மூடி வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மூட்டுவலிக்காரர் மாடி வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். போடி அரசு மருத்துவமனைக்கு நடக்கிற தூரமா, தேனியைத் தாண்டிக் க.விலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போகப் பேருந்து எளிதில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 200 ரூபாய் வாடகை குறைகிறதே என்று எட்டாத தூரத்துக்குப் போனால், அந்த 200 பேருந்துக்குப் போய்விடும்.

காகிதத்தில் கவனம் வையுங்கள். தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி விரட்டக் கூடாது என்கிறது.

ஒத்திக்குப் போகிறவர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பை, மனைவியின் நகையை, மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். வாடகையில்லை என்ற மகிழ்ச்சியில் மூலப் பத்திரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம். "பத்திரம் பேங்கில் இருக்கு" என்றால், அங்கேயே நில்லுங்கள்! வீடு ஏற்கனவே கடனில் இருக்கிறது. கடன்காரர் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது, உங்கள் ஒத்திப் பணம் காற்றில் நிற்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். ஒத்தியைப் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளும் வெறும் வாய்ச்சொல்லும் நீதிமன்றத்தில் நிற்கா.

இத்தனையும் தனி ஒருவனால் ஆகுமா? காலை நேரத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய ஜீப் போய்விடும். ஜீப் போனால் கூலி போய்விடும். கூலி போகாமல் காக்க மருந்தை விடுகிறான். வீடு போகாமல் காக்க நோயை மறைக்கிறான். அதனால்தான் கேட்கிறோம்: உழைப்பாளர் வரும் மாலை நேரத்தில் மருத்துவப் பிரிவு வேண்டும். உழைத்து ஓய்ந்து இறங்குகிறவருக்குக் குறைந்த வாடகையில் அரசு கட்டிய குடியிருப்பு வேண்டும். கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்.

அது வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? கூடாது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். நம் பகுதியில் எந்த வீடு காலி, வாடகை என்ன, சன்னல் உண்டா, எழுதி வையுங்கள். புதிதாக வந்தவரோடு வீடு பார்க்க நம்மில் ஒருவர் கூடப் போகட்டும். "ஐயா, இவர் நமக்குத் தெரிந்தவர், மருந்து தவறாமல் சாப்பிடுகிறார், பொறுப்பு நாங்கள்" என்று சொல்லட்டும். நோயைச் சொல்ல நோயாளர் சம்மதித்தால் மட்டும் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் பறைசாற்றுவது தொண்டல்ல, துரோகம். ஜீப்புக்குப் போகிறவரின் மாத்திரையை, அவர் விரும்பினால், அவர் வீட்டுப் பெண்களிடம் சேர்ப்பிக்கலாம். சிறிய வேலைதான். சிறிய வேலையால்தான் உயிர் பிழைக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. இது வெளியாருக்கல்ல, நமக்கு. நம் தோழர்களிலும் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர் இருக்கிறார்கள். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டு வாசலில் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டால், அந்த வாயை என்னவென்று சொல்வது? பலகை மாட்டியிருக்கும் தோழரே, முதலில் உம் கதவைத் திறவும்! உம் கதவு திறந்தால், எதிர்வீட்டுக் கதவும் ஒரு நாள் திறக்கும்.

நாளை விடியுமுன்னும் ஜீப் உறுமும். மலை ஏறுவோர் ஏறுவர். ஒரேயடியாக இறங்குவோர் இறங்குவர். பாய்ச் சுருளோடு தெருவில் நிற்கும் அந்த மனிதர் இருமும்போது, யாரோ ஒருவர் கதவைத் திறந்து, "உள்ளே வாங்கண்ணே, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லட்டும். சொல்பவர் நம்மவராயிருக்கட்டும்!