ஒரே வகுப்பு, இரண்டு கட்டணம்

2025-இல் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய ஜூன் 6 கடைசி நாளாக இருந்தது. அந்த ஆண்டு மே 8-இல் பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து டெல்டா வாசகர்கள் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்விதான்: 'நல்ல மார்க் இருக்கிறது, பணம் இல்லை, எங்கே சேர்ப்பது?' பதிவு செய்வது எப்படி, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதையெல்லாம் இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாத ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரத்தநாடு பக்கத்து விவசாயி ஒருவர் கடிதத்தோடு ரசீது நகல் ஒன்றையும் இணைத்திருக்கிறார். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மார்ச் மாதமே கட்டிய அட்வான்ஸ், ரூ.25,000. கீழே 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். அவர் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கணிதம் 98, இயற்பியல் 94, வேதியியல் 96, கட்-ஆஃப் 193. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. 'எல்லாச் சலுகையும் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னார், வருமா?' என்று கேட்கிறார்.

அந்த அட்வான்ஸ் வழியாகச் சேர்ந்தால் வராது. ஏனென்றால், இந்தச் சலுகைகள் ஒட்டிக்கொண்டிருப்பது பிள்ளையின் மார்க்கோடு அல்ல, அவள் உட்காரும் சீட்டோடு.

சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். மிச்சம் மேனேஜ்மென்ட் கோட்டா. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்குக் கலந்தாய்வு இடத்தில் ஆண்டுக் கட்டணம் ரூ.55,000, மேனேஜ்மென்ட் இடத்தில் ரூ.87,000. வகுப்பறையும் ஆசிரியரும் பட்டமும் ஒன்றுதான். நான்கு வருடத்தில் வித்தியாசம் ரூ.1,28,000. சன்ன ரக நெல் குவிண்டால் ரூ.2,450 என்ற 2024-25 கொள்முதல் விலைக்கு, 40 கிலோ மூட்டையாக 130 மூட்டைக்கு மேல் போட்டால்தான் அது ஈடாகும். இது ரசீதில் வரும் கணக்கு மட்டும்.

ரசீதில் வராத இழப்பு இதைவிடப் பெரிது. 2010-இல் வந்த முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு இடத்துக்கு மட்டும்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் 2018-லிருந்து மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆக, 193 எடுத்த பெண் கலந்தாய்வில் ஒரு பைசா கட்டாமல் படிக்க வாய்ப்பிருக்க, அட்வான்ஸ் கொடுத்து அந்த வாய்ப்பைக் கைகழுவப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்த மார்க்குக்கு இதே கல்லூரி கலந்தாய்விலேயே தாராளமாகக் கிடைக்கும். பிறகு ஏன் கட்டுகிறார்கள்? 'கையில் ஒரு சீட் இருக்கட்டும்' என்ற பயம்தான். அந்தப் பயம் எப்போது பணமாகும் என்று ஏஜென்ட்டுக்குத் தெரியும். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் வங்கிக்கு வரும் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வருகிறார். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டிக் குறுவைக்கு உழவும் விதையும் என்று கை காய்ந்திருக்கும்போது வருவதில்லை.

பயத்துக்கு மருந்து கலந்தாய்வுக்குள்ளேயே இருக்கிறது. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொடங்கி, செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி, பட்டுக்கோட்டை, திருக்குவளை அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் என்று இறங்கி வந்து, அட்வான்ஸ் கேட்ட கல்லூரியைக் கடைசியில் எழுதினால் போதும். ஒதுக்கிய இடத்தை உறுதி செய்துகொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. கையில் ஒரு சீட் என்பது இதுதான்; தனியாகப் பணம் வேண்டாம்.

'மெரிட் ஸ்காலர்ஷிப் 50 சதவீதம்' என்ற விளம்பரம்? கல்லூரி தானே ஏற்றிய விலையில் தானே தள்ளுபடி கொடுப்பதற்குப் பெயர் அது. இரண்டாம் ஆண்டும் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

அரசு விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 7.5 சதவீதம் 'ஏழை மாணவர்களுக்கு' என்று மேடையில் சொல்கிறார்கள். சட்டம் கேட்பது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்பதை. டெல்டாவில் பழைய, நல்ல பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. ஊருக்குப் பக்கம் என்று அங்கே படித்த கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் புதுமைப் பெண் திட்டத்தை நீட்டிக்க முடிந்த அரசு, இதில் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

திருச்சி என்.ஐ.டி. நமக்குக் கட்டுப்படியாகுமா? கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் என்றாலும், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் குடும்ப வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் அது முழுக்கத் தள்ளுபடி, ரூ.5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, ஆனால் ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டும்.

தஞ்சாவூரிலேயே மத்திய அரசு நிறுவனம்? நெல் பதன ஆய்வில் தொடங்கி உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்த நிஃப்டெம் இருக்கிறது, அதற்கும் ஜே.இ.இ. மதிப்பெண்தான்.

வேளாண்மை, கால்நடை மருத்துவம்? ஈச்சங்கோட்டையிலும் ஒரத்தநாட்டிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

கலைக் கல்லூரி? குந்தவை நாச்சியார், மன்னர் சரபோஜி, கும்பகோணம் அரசுக் கல்லூரிகளைவிடச் செலவு குறைந்த இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

உதவித்தொகை கடைசி வரை வருமா? நிபந்தனையைப் படியுங்கள், கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதற்காக ராமானுஜனே உதவித்தொகையை இழந்தார்.

கல்விக் கடன்? ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. கிளை மேலாளர் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அசல் மாற்றுச் சான்றிதழைக் கேட்கிறார்களே? சேரும் நாள் வரை நகல் போதும். அசலைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை.

கட்டிய அட்வான்ஸ்? சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது, ரப்பர் ஸ்டாம்ப் என்ன சொன்னாலும் சரி. அதற்கு முன், பதிவின் கடைசி நாளுக்குள் மகள் பெயரைக் கலந்தாய்வில் பதிந்துவிடுங்கள்.