நூல் எந்த நிறம்?

சுவரில் மாட்டும் ஒரு துணிக்கு நூலின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் ஆனது என்றால் சிரிப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

அம்மா நாற்பது வருஷம் வீட்டில் தையல் மெஷின் மிதித்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் அவருடைய நான்கு பழைய புடவைகளை வெட்டி இணைத்து, அவர் அறையில் மாட்ட ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மஞ்சள் சுங்குடி, பச்சைக் கட்டம் போட்ட கண்டாங்கி, அரக்கில் ஒன்று, மயில்கழுத்து நீலத்தில் ஒன்று. கடைசி இரண்டும் கோடோ பூவோ இல்லாத வெறும் புடவைகள். மூன்றடி அகலம், நாலடி உயரம்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலைத்தான் குவில்டிங் என்கிறார்கள். அடுக்குகள் நகராமல் இருக்கத்தான் அந்தத் தையல், ஆனால் கண்ணில் படுவதும் அதே தையல்தான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

முதலில் பல நிறம் கலந்து சாயம் போட்ட நூலை வாங்கினேன். எல்லா நிறமும் அதிலேயே இருக்கு, எங்கேயும் பொருந்திடும்னு கணக்கு. மஞ்சள் துணியில் நூலின் மஞ்சள் பகுதி மறைந்து, சிவப்புப் பகுதி மட்டும் தெரிந்தது. பார்க்க, தையல் நடுநடுவே விட்டுப்போன மாதிரி. மொத்தத்தையும் பிரித்தேன்.

அடுத்து, அரக்குத் துணியில் கருநீல நூல். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அம்மா முகத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “தைச்சிருக்கியாடி? கோடே தெரியலையே” என்றார்.

கண்புரையில் விழிலென்ஸ் மங்கி, மஞ்சளோ பழுப்போ ஏறிவிடும். நீலம் சரியாக உள்ளே வராது. அது மட்டும்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு அதே இடத்தை போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், எனக்கும் கோடு தெரியவில்லை! அரக்கும் கருநீலமும் வேறு வேறு நிறம்தான், ஆனால் இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே. கோட்டை எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசம்தான். நிறத்தின் பெயர் அதற்குப் பிறகு.

பாரிஸின் கோப்ளான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் 1824-ல் சாயப் பிரிவின் தலைவரானவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீலம், ஊதாத் துணி மடிப்புகளின் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் சோபையில்லாமல் இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. மற்ற இடங்களின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. இதை விரித்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

அவர் சொன்னது இதுதான்: அருகருகே இருக்கும் இரு நிறங்கள் ஒன்றின் வித்தியாசத்தை மற்றொன்று கூட்டிக் காட்டும். ஆனால் நூல் மெல்லியது. நெருக்கமாகத் தைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நூலும் துணியும் கண்ணுக்குள் கலந்துவிடும். மஞ்சள்மேல் ஊதா நூலை நெருக்கி ஓட்டினால், பத்தடி தள்ளி அது அழுக்கு மஞ்சள்.

ஆகவே நான் கற்ற பாடங்கள் மூன்று. நூல்கண்டைத் துணிமேல் வைத்துப் பார்க்காதீர்கள். கண்டில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஒரே ஒரு இழையை உருவிப் போட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். பிறகு பத்தடி தள்ளிப் போய் நில்லுங்கள்.

நூல் முடிவானது: அரக்குக்கும் நீலத்துக்கும் சந்தன நிறம், மஞ்சளுக்கு அரக்கு. கண்டாங்கியில் ஏற்கெனவே கட்டம் இருப்பதால், அதே பச்சை போதும்.

அடுத்தது தையல் வடிவம். பொதுவாக, புள்ளியும் கட்டமும் நிறைந்த துணியில் நுணுக்கமான தையல் தெரியாது, வீண். வெறும் துணியில்தான் அது எடுபடும். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அம்மா தடவிப் பார்த்தே எந்தப் புடவை என்று சொல்ல வேண்டும். நெருக்கித் தைத்தால் துணி தட்டையாகும், இடைவெளி விட்டால் பஞ்சு உப்பும். விரலுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு பக்கம் நெருக்கி, மறுபக்கம் தளர்த்தினால், நெருக்கிய பக்கம் சுருங்கிவிடும். படுக்கையில் போடும் போர்வையென்றால் பரவாயில்லை. சுவரில் தொங்கும்போது ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கும்.

யோசித்ததில் வழி கிடைத்தது. நெருக்கத்தை மாற்றாமல் உருவத்தை மட்டும் மாற்றலாமே! சுங்குடியில் நேர்கோடு, அரக்கில் அலை, நீலத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம், எல்லாவற்றுக்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. கண்டாங்கியில் கட்டம். கட்டத்தில் கோடு இரண்டு திசையிலும் ஓடுவதால் அங்கே மட்டும் மூன்று அங்குலம். அப்போதுதான் ஒரு சதுர அடிக்கு ஓடும் நூலின் நீளம் ஏறக்குறைய சமமாக வரும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குத் தைத்துக்கொண்டே போனேன். சுருக்கம் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

போன ஞாயிறு சுவரில் மாட்டினேன். அம்மா விரலை ஓட்டினார். வட்டத்தில் நின்று, “இது நீலம்” என்றார். அலையில், “அரக்கு.” கண்டாங்கிக்கு யோசிக்கவே இல்லை. சுங்குடியில் மட்டும் கொஞ்ச நேரம் தடவிவிட்டு, “கோடு ஒண்ணு கோணலா இருக்கு” என்றார். இருந்தது.

அடுத்த மாதம் ஆபரேஷன். கண் தெளிந்ததும், சந்தன நூலா போட்டே என்று கேட்டாலும் கேட்பார். தையல் பிரிக்கும் ஊசியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.