செஸ் போனது, கேட்கும் வழியும் போனது: மைசூர் பீடித் தொழிலாளர்களின் நல நிதி

புது தில்லி: மைசூரின் நரசிம்மராஜா தொகுதியில், வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களுக்கு 2017 ஜூலை 1 மற்றுமொரு வேலை நாளாகவே கழிந்திருக்கும். ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த அன்றுதான், அவர்களது உழைப்பைக் கணக்கிட்டு வசூலிக்கப்பட்ட பீடித் தொழிலாளர் நல செஸ் மறைந்தது.

இந்த ஏற்பாடு 1976-இல் நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்களின்படி நடந்து வந்தது. ஒவ்வோர் ஆயிரம் பீடிக்கும் உற்பத்தியாளர் செலுத்திய செஸ் கடைசியில் 5 ரூபாய். ஆயிரம் பீடி என்பது ஏறத்தாழ ஒரு பெண்ணின் முழுநாள் உழைப்பு. அத்தொகை அரசின் தொகுப்பு நிதியில் சேர்ந்து, அவையின் ஒப்புதலுடன் நல நிதிக்குச் சென்றது. மைசூரிலும் நமது நெல்லை மாவட்டம் முக்கூடலிலும் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனைகள், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட மானியம் ஆகியவற்றுக்கு இதுவே ஆதாரம்.

ஜி.எஸ்.டி.க்கு வழிவிட 2017-இல் கொண்டுவரப்பட்ட வரிவிதிப்புச் சட்டத் திருத்தம், சர்க்கரை, தேயிலை, சணல் செஸ்களோடு பீடி செஸ்ஸையும் ஒரே மூட்டையாகக் கட்டி அகற்றியது. செஸ் சட்டம் நீங்கியது. நல நிதிச் சட்டம் நின்றது. ஊற்று அடைபட்ட கிணறு போன்ற அந்நிதிக்கு, அதன்பின் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆண்டு ஒதுக்கீடுதான் தண்ணீர்.

உதவிகள் நின்றுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்வி உதவித்தொகை பின்னர் உயர்த்தப்பட்டு, வகுப்புக்கேற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆனது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 'எவ்வளவு வசூலித்தீர்கள், அதில் எவ்வளவு செலவிட்டீர்கள்?' என்று கேள்வி நேரத்தில் அமைச்சரை மடக்க முன்பு உறுப்பினர்களுக்கு வழி இருந்தது. அந்த இரு எண்களில் முதலாவது இன்று இல்லை. மருத்துவமனையில் டாக்டர் பணியிடம் காலியாக இருந்தாலும், 'அவர்கள் பணம் என்னவாயிற்று?' என்று கேட்க இயலாது. உரிமையாக இருந்தது, அரசு மனமுவந்து அளிப்பதாக மாறிவிட்டது.

பீடிக்கு வரி இல்லாமல் போகவில்லை. செஸ் நீங்கிய அதே நாளில் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் பங்கிட்ட அவ்வரியில், தொழிலாளிக்கெனச் சட்டப்படி ஒதுக்கிவைத்தது ஒன்றுமில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இதை 18 சதவீதமாகவும், பீடி இலை வரியை 18-லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்க முடிவெடுத்தது. நல செஸ் அப்போதும் திரும்பவில்லை.

புகையிலைக்கு வரியைக் கூட்டச் சொல்லும் மருத்துவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. பீடிக்காகப் பரிந்து பேச அவையில் பலரும் தயங்குவதும் அதனால்தான். ஆனால் புகையிலைத் தூளைச் சுவாசித்து இருமுபவள் பீடி கம்பெனியின் முதலாளி அல்லள். அரசின் கணக்குப்படியே பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள்.

இவர்களுக்கான ஒதுக்கீட்டை விவாதிக்க எஞ்சியிருப்பது, தொழிலாளர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும் நாள் மட்டுமே. பெரும்பாலான ஆண்டுகளில் அது, மற்ற அமைச்சகங்களின் கோரிக்கைகளோடு சேர்த்து, 'கில்லட்டின்' முறையில் விவாதமின்றி நிறைவேறிவிடுகிறது.